ஜாஸ் பாடகிகள் தொகுப்பு: பின்னட்டையைத் திருப்பிப் பார்க்காமல் வாங்காதீர்கள்

போன வாரம் ஒரு தம்பி புதுக் குறுந்தகட்டுப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தான். பில்லி ஹாலிடே, எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட், சாரா வான், டைனா வாஷிங்டன் என்று எல்லாப் பெரிய பெயர்களும் இருந்தன. பின்னட்டையைத் திருப்பினேன். பாட்டின் பெயர், பாடியவர் பெயர், அவ்வளவுதான். பதினைந்து வருஷத்துக்கு முன் நான் ஏமாந்த அதே சரக்கு, அட்டைதான் வேறு. இப்படித் தொகுப்பு வாங்கும்போதும் கேட்கும்போதும் நாம் செய்கிற தவறுகள் இவை.

பதிவான ஆண்டைப் பார்க்காதது

நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. பில்லி ஹாலிடே ஆர்தர் ஹெர்சாகோடு சேர்ந்து எழுதிய 'காட் பிளெஸ் த சைல்ட்' என்ற ஒரே பாட்டுக்காக, 3 தட்டுத் தொகுப்பு ஒன்றை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தேன். தபாலும் சுங்கமும் தட்டு விலையைத் தாண்டின. எனக்கு வேண்டியது 1941 பதிவு: சின்னக் குழு, பியானோவில் எடி ஹேவுட், பாடகிக்கு 26 வயது. ஓடவிட்டால் வந்தது 1950 பதிவு! கார்டன் ஜென்கின்ஸின் பெரிய வாத்தியக்குழு, போதாததற்குக் கோரஸ். கையில் காசில்லாதவளை யார் மதிப்பார்கள் என்று ஒருத்தி தனியாக நொந்துகொள்ளும் பாட்டு அது. பின்னால் பத்துப் பேர் நின்று ஒத்து ஊதினால் எப்படி இருக்கும்?

1956இல் பில்லி இதை ஸ்டுடியோவில் மூன்றாம் முறையும் பாடினார். குரல் தேய்ந்திருந்தது, ஆனால் சொல்லுக்குச் சொல் கனம். இப்போது மூன்றும் என்னிடம் இருக்கின்றன. எது என்று சொல்லாமல் விற்கிறார்களே, அதுதான் எரிச்சல்.

1963க்கு முன் வெளியான பதிவுகளுக்கு ஐரோப்பாவில் உரிமைக்காலம் முடிந்துவிட்டது, யார் வேண்டுமானாலும் தட்டு போடலாம். கைக்குக் கிடைத்ததை அள்ளிப் போடுகிறவர்களும் உண்டு. பதிவான ஆண்டு, முதலில் வெளியிட்ட நிறுவனம், உடன் வாசித்தவர்கள் இந்த மூன்றும் அச்சிடாத தொகுப்பைத் தொடாதீர்கள். ஸ்ட்ரீமிங்கில் தெரியும் ஆண்டையும் நம்பாதீர்கள். பெரும்பாலும் அது தொகுப்பு வெளியான ஆண்டுதான்.

இரைச்சலே கூடாது என்பது

நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய இசைத்தட்டிலிருந்து எடுத்த பாட்டு கொஞ்சம் பொரியத்தான் செய்யும். அதை ஒரேயடியாகத் துடைத்தால் டிரம்மில் பிரஷ் உரசுவதும், பாடகியின் வாயில் 'ஸ்' முடிவதும் சேர்ந்தே போய்விடும். கம்பளியைப் போர்த்திக்கொண்டு பாடுவதுபோல் இருக்கும்.

1940களின் பாட்டுக்கு 'ஸ்டீரியோ'

இடது, வலது என்று ஒலியைப் பிரித்துத் தரும் ஸ்டீரியோ தட்டு அப்போது விற்பனைக்கே வரவில்லை. போலி. கீழே வைத்துவிடுங்கள்.

பாடகியை மட்டும் கேட்பது

ஜூலி லண்டன் 1955இல் பாடிய 'க்ரை மீ எ ரிவர்' பாட்டில் ஒரு கிதார், ஒரு பேஸ், வேறு யாருமில்லை. அவர் மூச்சு வாங்கும் இடங்களில் பார்னி கெஸ்ஸலின் கிதார் என்ன செய்கிறது என்று கேளுங்கள்.

கச்சேரிப் பதிவை ஒதுக்குவது

1960இல் பெர்லின் மேடையில் எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் 'மேக் த நைஃப்' பாட்டின் வரிகளை மறந்து, மறந்ததையே பாட்டாக்கினார். அதை விட்டுவிட்டு என்ன தொகுப்பு?

தம்பியின் பெட்டியிலும் 'காட் பிளெஸ் த சைல்ட்' இருந்தது. எந்த ஆண்டுப் பதிவு என்று போட்டுப் பார்த்தோம். கோரஸ் வந்தது.