அந்தரங்கத் தோலில் கடியும் எரிவும்: மருந்து பூசுமுன் செய்யவேண்டியவை

அந்தரங்கப் பகுதியின் தோலில் காரணம் தெரியாத கடியோ (அரிப்போ), எரிவோ, சிவப்போ தோன்றினால் முதல் வேலை, எதையும் பூசாமல் இருப்பதுதான். யாழ்ப்பாணத்தில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாகவே நடக்கிறது. பாமசியில் தெரிந்த முகம் எதுவும் நிற்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, மெல்லிய குரலில் "கடிக்கு ஒரு கிறீம்" என்று கேட்டு வாங்கிவருகிறோம். அந்தக் குழாயின் பக்கவாட்டில் உள்ள பொடி எழுத்தை வாசித்துப் பாருங்கள். பல வேளைகளில் பங்கசுக்கான குளோற்றிமசோல், பற்றீரியாவுக்கான நியோமைசின், பீற்றாமெதசோன் என்று மூன்று மருந்துகள் ஒன்றாகக் கலந்திருக்கும். கடைசியாகச் சொன்னது வீரியமான ஸ்டீரொயிட். அது இரண்டொரு நாளில் சிவப்பையும் கடியையும் அடக்கிவிடுவதால் குணமாகிவிட்டது போலத் தோன்றும். ஆனால் படர்தாமரையாக இருந்தால் பங்கசு உள்ளே பரவிக்கொண்டிருக்க, அதை அடையாளம் காட்டும் வளைய விளிம்பு மட்டும் மறைந்துவிடும். பிறகு பார்க்கும் வைத்தியருக்கு நோயின் உண்மையான தோற்றம் கிடைக்காது. தொடர்ந்து பூசினால் தொடையிடுக்குத் தோல் மெலிந்து, அழியாத கோடுகள் விழவும் கூடும்.

டெற்றோல் கலந்த தண்ணீர், உப்புத் தண்ணீர், வேப்பிலையும் மஞ்சளும் அரைத்த விழுது, வாசனைச் சவர்க்காரம் ஆகியவற்றுக்கும் இதே விதிதான். இந்த இடத்துத் தோல் மெல்லியது. சாதாரண ஒவ்வாமை எரிவைப் புண்ணாக்குவதற்கு நாலு நாள் டெற்றோல் போதும். வெறும் தண்ணீரால் கழுவி, தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, தளர்வான பருத்தி உள்ளாடை அணிந்து, இரவில் சாரத்துடனோ தளர்ந்த பாவாடையுடனோ இருங்கள். வறட்சியாக இருந்தால் வாசனையற்ற வசிலின் மட்டும் பூசலாம். அண்மையில் மாற்றிய சலவைத்தூள், ஈரத்துடைப்பான், சனிற்றரி நாப்கின், மயிர் நீக்கும் கிறீம், ஆணுறை என எதையும் விடாமல் நினைத்துப் பாருங்கள். வெறும் எரிச்சலாக இருந்தால், அதற்குக் காரணமானதை நிறுத்தியதும் ஒரு வாரமளவில் தணியத் தொடங்கும்.

தணியாவிட்டால் மனம் நேராகப் பாலியல் நோய்க்குத் தாவும். அந்தப் பயத்தில் இரவில் தொலைபேசியில் படங்களைத் தேடாதீர்கள். மிகக் கோரமான படங்களே முன்னுக்கு வந்து நிற்கும். இவ்விடத்தில் வரும் தோல் உபாதைகளில் பல தொற்றே அல்ல. எக்சிமா, சொரியாசிஸ், நீண்டகாலச் சொறிதலால் தடித்த தோல், வெண்மையாகி மெலியும் லைக்கன் ஸ்கிளிரோசஸ் ஆகியவை எவருக்கும் வரலாம். ஆண்குறி மொட்டின் விளிம்பைச் சுற்றி வரிசையாக இருக்கும் முத்துப் போன்ற சிறு பருக்களும், தோலில் தெரியும் மஞ்சள் நிறப் புள்ளிகளும் நோயே அல்ல. இரவில் கடி கூடி, விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் தொப்புளைச் சுற்றியும் பருக்கள் இருந்தால், வீட்டில் மற்றவர்களுக்கும் கடித்தால், அது சிரங்காக இருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே நாளில் மருந்து பூசாவிட்டால் பயன் இல்லை.

மறுபக்கத்தில், நோவில்லை என்பதற்காக ஒரு புண்ணை அலட்சியம் செய்யவும் கூடாது. பாலியல் நோயான சிபிலிசின் முதற்புண் பெரும்பாலும் நோவதில்லை. தொற்றி 10 முதல் 90 நாட்களுக்குள் தோன்றி, மருந்தில்லாமலே ஆறியும் விடும், ஆனால் நோய் உடலில் தங்கிவிடும். கூட்டமாக எழுந்து உடைந்து நோகும் சிறு கொப்புளங்கள் ஹேர்பிஸ் என்ற வைரஸ் தொற்றாக இருக்கலாம்.

எளிதில் தவறவிடப்படும் இரண்டு காரணங்கள் உள்ளன. ஒன்று நீரிழிவு. முன்தோலின் கீழ் வெண்படிவும் வெடிப்பும், பெண்களில் தயிர் போன்ற வெள்ளைப்படுதலும் கடியும் திரும்பத் திரும்ப வந்தால், அது இதுவரை அறியப்படாத சீனி வருத்தத்தின் முதல் அடையாளமாக இருக்கலாம். ஏற்கெனவே நீரிழிவுக்கு டபாகிளிபுளோசின், எம்பாகிளிபுளோசின் போன்ற குளிசைகளை எடுப்பவர்களுக்கு, அவை சிறுநீரில் சீனியை வெளியேற்றுவதாலேயே இந்தப் பங்கசுத் தொற்று வரக்கூடும். அதற்காகக் குளிசையைத் தாமாக நிறுத்தாமல் வைத்தியரிடம் சொல்லவேண்டும். மற்றையது குளிசை ஒவ்வாமை. சிலருக்கு ஒரு குறிப்பிட்ட நோக்குளிசையையோ அன்ரிபயோற்றிக்கையோ எடுக்கும்போதெல்லாம் அதே இடத்தில், பெரும்பாலும் ஆண்குறி மொட்டில், வட்டமான கருஞ்சிவப்புத் தடிப்பு எழும். இதைக் கண்டுபிடிக்க எந்தப் பரிசோதனையை விடவும் நோயாளியின் ஞாபகமே உதவும்.

ஆகவே போகுமுன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எப்போது தொடங்கியது, எங்கே தொடங்கி எங்கே பரவியது, கடியா நோவா, என்னென்ன பூசினீர்கள், என்ன குளிசைகள் எடுக்கிறீர்கள், உடலுறவுத் தொடர்பு எப்போது இருந்தது. பூசிய குழாய்களைக் கையோடு கொண்டுபோங்கள். வந்து மறையும் தடிப்பென்றால், இருக்கும் நாளில் ஒரு படம் எடுத்து வைப்பது நல்லது.

பாலியல் தொற்றுச் சந்தேகம் இருந்தால் யாழ் போதனா வைத்தியசாலையின் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்துக்கு நேரடியாகவே போகலாம். அரசாங்கத்தின் இந்தச் சேவை இலவசம், விபரங்கள் இரகசியமாக வைக்கப்படும். மற்றவற்றுக்குக் குடும்ப வைத்தியரிடமோ வெளிநோயாளர் பிரிவிலோ காட்டி, தோல் நோய்க் கிளினிக்குக்குக் கடிதம் வாங்கிக்கொள்ளலாம். பெண் வைத்தியர் வேண்டும் என்றோ, பார்க்கும்போது பெண் தாதி ஒருவர் உடனிருக்கவேண்டும் என்றோ கேட்பதில் தவறில்லை. தொடங்குவதற்குக் கூச்சமாக இருக்கும் பெண்கள் தமது பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் (மருத்துவமாதுவிடம்) முதலில் பேசலாம். இதைவிடக் கூச்சமான எத்தனையோ கதைகளைக் கேட்டவர் அவர். ஆனால் காய்ச்சலுடன் வேகமாகப் பரவும் வீக்கமும் கடும் நோவும், பின்னுக்கு இழுபட்ட முன்தோல் திரும்பி வராமை, சிறுநீர் கழிக்க முடியாமை ஆகியவற்றில் எது இருந்தாலும் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கே போகவேண்டும்.

வைத்தியர் அந்த இடத்தைப் பார்க்காமலே மருந்து எழுதினால், "ஒருக்காப் பாருங்கோ டொக்டர்" என்று கேளுங்கள். பங்கசுச் சந்தேகமென்றால் தடிப்பின் விளிம்பிலிருந்து செதிலை மெல்லச் சுரண்டிக் கண்ணாடித் துண்டில் இட்டு, பொட்டாசியம் ஐதரொட்சைட்டுத் துளி விட்டு நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள், அது நோகாது. இரத்தத்தில் சீனியும், தேவைப்பட்டால் சிபிலிசுக்கான விடிஆர்எல், எச்ஐவி பரிசோதனைகளும் செய்யப்படும். அண்மையில் தொடர்பு இருந்திருந்தால் முதல் முடிவில் தொற்று இல்லை என்று வந்தாலும் மீண்டும் ஒருமுறை இரத்தம் கொடுக்கச் சொல்வார்கள். தொற்றின் தொடக்க நாட்களில் பரிசோதனை அதைக் காட்டாது என்பதே காரணம்.

சந்தேக நோயின் பெயரையும், எத்தனை நாளில் குணம் தெரியவேண்டும் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த நாள் கடந்தும் மாறாவிட்டால், வேறொரு வைத்தியரிடம் புதிதாகத் தொடங்குவதைவிடப் பழைய மருந்துச் சீட்டுகளுடன் அதே இடத்துக்குத் திரும்பிப் போவது மேல். மாறாத தடிப்புக்கும், தடித்து வரும் அல்லது இரத்தம் கசியும் புண்ணுக்கும், அவ்விடத்தை விறைக்கச் செய்து சில மில்லிமீற்றர் தோலை எடுத்துச் சோதிக்க நேரலாம். அறிக்கை வந்ததும் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கி வையுங்கள்.