ஒரு டெக்ஸ்ட் ஃபைலை மட்டும் மீட்டுப் பழகியவன்: சீனியர் அட்மின்கள் படிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் எங்கள் டீமில் இருக்கும் தம்பி ஒருவர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என் இடத்துக்கு வந்தார். எட்டு வருட அனுபவம். லினக்ஸ், விண்டோஸ், விஎம்வேர் மூன்றிலும் கை பழகியவர். தள்ளுபடியில் வாங்கிய வீடியோ கோர்ஸ்கள் மட்டும் முப்பத்தேழு வைத்திருந்தார். "அண்ணா, இதுல எதை முதல்ல பார்க்கறது?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் வயதில் நானும் இதையேதான் டிவிடியில் சேர்த்து வைத்திருந்தேன். பாதிக்கு மேல் கவரைக்கூடப் பிரித்ததில்லை.

ரூட்டில் (எல்லா அதிகாரமும் உள்ள கணக்கு) இருந்துகொண்டு ஃபைல்களை அழிக்காதே, பாஸ்வேர்டை மானிட்டரில் ஒட்டாதே என்றெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அதெல்லாம் முதல் வருடத்திலேயே சூடுபட்டுத் தெரிந்துகொண்டிருப்பீர்கள். ஏழெட்டு வருடம் சர்வரோடு குடித்தனம் நடத்தியவர்கள் மேற்கொண்டு படிக்க உட்காரும்போது சறுக்கும் இடங்கள் வேறு.

அரிச்சுவடியிலிருந்து மறுபடி தொடங்குவது

புது வெர்ஷன் வந்ததும் "முழுசா ஒரு தடவை பார்த்துடலாம்" என்று அறுபது மணி நேர கோர்ஸில் உட்காருகிறோம். முதல் நாற்பது மணி நேரம் தெரிந்த சங்கதி. ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டு வாட்ஸ்அப் பார்க்கிறோம். அப்புறம் புது விஷயம் வரும்போதும் அதே அரைத்தூக்கத்தில்தான் இருக்கிறோம்.

அனுபவம் உள்ளவருக்குப் பாடப்புத்தகம் ரிலீஸ் நோட்ஸ், அதாவது புது வெர்ஷனில் என்ன மாறியது என்ற குறிப்பு. ரெட்ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 8-லிருந்து 9-க்குப் போனபோது எங்களைக் கடித்த மூன்றுமே அதில் எழுதியிருந்தவைதான். ரூட் கணக்கில் பாஸ்வேர்டு போட்டுத் தொலைவிலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியாக நுழைவதை இயல்பாகவே மூடிவிட்டார்கள். ஷா-1 என்ற பழைய முறையில் போட்ட டிஜிட்டல் கையொப்பத்தை இயல்பாக ஏற்பதில்லை, அதனால் பழைய சாதனங்கள் சிலவற்றோடு பேச்சுவார்த்தையே நின்றுபோனது. பழைய நெட்வொர்க் ஸ்கிரிப்டுகளின் பேக்கேஜை எடுத்தே விட்டார்கள். நீக்கப்பட்டவை, கைவிடப்படுபவை என்று இரண்டு பகுதிகள் இருக்கும். முதலில் அவற்றைப் படியுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் ஒரு விஎம்மில் (மென்பொருளால் உருவாக்கிய மெய்நிகர் மெஷின்) வேண்டுமென்றே உடைத்துப் பாருங்கள். ஒரு வார இறுதி போதும்.

டம்ப் (தேர்வுக் கேள்வி-பதில் தொகுப்பு) மனப்பாடம்

வேண்டாம். இன்டர்வியூவில் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

மேன் பேஜைப் படிக்காமல் தாண்டிப் போவது

மாதத்தின் முதல் சனிக்கிழமை அதிகாலை 2 மணிக்கு ஃபுல் பேக்கப் ஓட வேண்டும். குறித்த நேரத்தில் வேலையைத் தானாக ஓட்டும் க்ரானில் எப்படி எழுதுவீர்கள்? பத்துக்கு எட்டுப் பேர் இப்படி எழுதுகிறார்கள்:

0 2 1-7 * 6

தேதி 1 முதல் 7-க்குள், கிழமை சனி. பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் தேதி, கிழமை இரண்டு இடத்திலும் வரம்பு கொடுத்தால், இரண்டில் எது பொருந்தினாலும் க்ரான் ஓட்டிவிடும். ஆக ஒன்றாம் தேதி முதல் ஏழாம் தேதி வரை தினமும் ஒரு ஃபுல் பேக்கப், போதாததற்கு ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒன்று. எங்களுக்கு நான்காம் தேதி டிஸ்க் நிரம்பியது. இது மேன் பேஜில், அதாவது லினக்ஸோடு கூடவே வரும் கையேட்டில், தெளிவாக எழுதியிருக்கிறது. சும்மா 'மேன் க்ரான்டேப்' என்று அடித்தால் கட்டளையைப் பற்றிய பக்கம்தான் வரும். இந்த விதி இருப்பது ஃபைல் வடிவத்தை விவரிக்கும் ஐந்தாம் பிரிவில். மேன் பேஜுக்குப் பிரிவு எண்கள் உண்டு என்பதே தெரியாத பத்து வருட அட்மின்களை நான் பார்த்திருக்கிறேன். கண்ணாடியிலும் பார்த்திருக்கிறேன்.

பழைய ரேக் சர்வர் வாங்கி வீட்டில் வைப்பது

கரண்ட் பில் யார் கட்டுவது, அந்த ஃபேன் சத்தத்தில் யார் தூங்குவது என்று வீட்டில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். பழகிப் பார்க்க, 64 ஜிபி ரேம் உள்ள சின்னப் பெட்டி ஒன்றில் விஎம்களை ஓட்டும் ப்ராக்ஸ்மாக்ஸ் போட்டால் போதும். விண்டோஸ் சர்வரை 180 நாள் இலவசமாக ஓட்டிப் பார்க்கலாம். ரெட்ஹாட் தனிநபர் டெவலப்பர் சந்தாவில் 16 மெஷின் வரை காசில்லை.

உடையாத லேப்

இதுதான் எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது.

பேக்கப் மென்பொருள் ஒன்றுக்கான பயிற்சிக்குக் கம்பெனி செலவில் போயிருந்தேன். ஐந்து நாள். சான்றிதழும் வாங்கினேன். லேப்பில் நாங்கள் செய்த ரீஸ்டோர் என்ன தெரியுமா? டெஸ்க்டாப்பில் ஒரு டெக்ஸ்ட் ஃபைல். அதை அழித்தோம், வலது க்ளிக் செய்தோம், திரும்பி வந்தது. எல்லோரும் கைதட்டினோம். மதியம் பிரியாணி.

அடுத்த வருடம் ஒரு சனிக்கிழமை இரவு ஒன்பதரைக்கு ஸ்டோரேஜ் படுத்துவிட்டது. ஃபர்ம்வேர் அப்டேட் பாதியில் நின்று இரண்டு கண்ட்ரோலரும் போயின. சின்ன இடம்தான்: விஎம்களைத் தாங்கும் இரண்டு ஹோஸ்ட் மெஷின், இரண்டுக்கும் பொதுவாக அந்த ஒரே ஸ்டோரேஜ். மெயில், ஃபைல் சர்வர், விக்கி, எல்லோருடைய லாகினையும் சரிபார்க்கும் இரண்டு டொமைன் கண்ட்ரோலர்கள் எல்லாமே அதன்மேல் ஓடும் விஎம்கள். பேக்கப் சர்வர் மட்டும் தனிப் பெட்டி, தனி டிஸ்க். அன்று அதிகாலை ஜாப் பச்சையில் முடிந்திருந்தது. "நாலு மணி நேர வேலை சார்" என்று மேனேஜரிடம் சொன்னேன்.

பேக்கப் சர்வருக்குள் லாகின் ஆகவே முடியவில்லை. அது டொமைனில் சேர்ந்த மெஷின், டொமைன் கண்ட்ரோலர்களோ படுத்த ஸ்டோரேஜில். விண்டோஸ் கடைசிப் பத்து லாகின்களை ஞாபகம் வைத்துக்கொண்டு, டொமைன் கண்ட்ரோலர் இல்லாவிட்டாலும் உள்ளே விடும். ஆடிட்காரர் சொன்னார் என்று அந்தப் பத்தைப் பூஜ்யமாக்கும் பாலிசி போடப்பட்டிருந்தது. போட்டவன் நான். லோக்கல் அட்மின் பாஸ்வேர்டு ஃபைல் சர்வரில் ஒரு எக்செல் ஷீட்டில் இருந்தது. ஃபைல் சர்வர் எங்கே இருந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

இன்ஸ்டால் டிவிடியில் பூட் செய்து பாஸ்வேர்டை மாற்றி உள்ளே போக ஒன்றரை மணி நேரம் பிடித்தது. போனால் பேக்கப் சர்வீஸ் எழவில்லை. அது ஓடுவது ஒரு டொமைன் கணக்கில். சரி என்று மென்பொருளைப் புதிதாகப் போட்டு, பழைய பேக்கப் ஃபைல்களை இழுத்தால் என்க்ரிப்ஷன் பாஸ்வேர்டைக் கேட்டது. அது விக்கியில் இருந்தது. வேலையை விட்டுப் போன பழைய சகா ஒருவர் அதைத் தன் சொந்த மெயிலுக்கு அனுப்பி வைத்திருந்தார். விதிப்படி பெரிய குற்றம். ராத்திரி ஒரு மணிக்கு எழுப்பி, போனிலேயே அவருக்குக் கும்பிடு போட்டேன்.

ஞாயிறு காலை மாற்று ஸ்டோரேஜ் வந்தது. டொமைன் கண்ட்ரோலரை மீட்டெடுத்தோம், யாராலும் லாகின் ஆக முடியவில்லை. ஹோஸ்ட் நேரத்தைக் கேட்பது டொமைன் கண்ட்ரோலரிடம். டொமைன் கண்ட்ரோலர் விஎம் கிளம்பும்போது நேரத்தை எடுப்பது ஹோஸ்டிடம். இரண்டும் ஒன்றையொன்று நம்பிக்கொண்டு ஏழு நிமிடம் தள்ளி ஓடின. லாகினைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் முறை ஐந்து நிமிட வித்தியாசத்துக்கு மேல் பொறுக்காது. இதைக் கண்டுபிடிக்க ஆன நேரத்தை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

அப்புறம் டேட்டா. 4 டெராபைட், ஒரு கிகாபிட் லைன். நொடிக்கு 110 மெகாபைட்டுக்கு மேல் தேறாது, ஆக எல்லாம் சரியாக ஓடினாலே பத்து மணி நேரம். ஒரு பேப்பரும் பேனாவும் இருந்தால் போடக்கூடிய கணக்கு. அந்த இடத்தில் ஐந்து வருடம் இருந்தேன், ஒரு நாளும் போட்டதில்லை. திங்கள் காலை ஆறு மணிக்கு மெயில் சர்வர் எழுந்தது. மொத்தம் முப்பத்திரண்டரை மணி நேரம்.

இதையெல்லாம் கேட்ட நிர்வாகம் அடுத்த மாதம் என்னை அதே மென்பொருளின் மேல்நிலைப் பயிற்சிக்கு அனுப்பியது. அங்கே லேப்பில் என்ன ரீஸ்டோர் செய்தோம் தெரியுமா? ஒரு ஃபோல்டர்.

ஆக்டிவ் டைரக்டரி (டொமைன் கணக்குகளை நடத்தும் விண்டோஸ் சேவை) எனக்குத் தெரியும், விஎம்வேர் தெரியும், பேக்கப் தெரியும், மூன்றுக்கும் சான்றிதழ் இருந்தது. எல்லாம் ஒன்றாகப் படுத்தால் எதை முதலில் எழுப்புவது, எது எதை நம்பி நிற்கிறது என்பது மட்டும் தெரியாது. கோர்ஸ்களை மென்பொருள் வாரியாக விற்கிறார்கள். இந்த வரிசை எந்த மென்பொருளின் பாடத்திலும் வராது, ஏனென்றால் அது உங்கள் இடத்துக்கு மட்டுமே உரியது.

இன்று தம்பிகளின் லேப்பைப் பார்க்கிறேன். இன்ஸ்டால் செய்து, ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ஸ்னாப்ஷாட் (மெஷின் அந்த நொடியில் இருந்த நிலையின் பதிவு) போட்டு வைத்திருக்கிறார்கள். ஏதாவது கோணலானால் ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். அதாவது பாடம் ஆரம்பிக்கும் இடத்தில் பாயைச் சுருட்டிவிடுகிறார்கள்.

நான் இப்போது சொல்லித்தருவது இதுதான். மூன்று விஎம் போடுங்கள்: டிஎன்எஸ்ஸோடு (பெயரை ஐபி முகவரியாக்கும் சேவை) ஒரு டொமைன் கண்ட்ரோலர், ஒரு பேக்கப் சர்வர், ஒரு டேட்டாபேஸ். ஒரு வாரம் ஓடட்டும். பிறகு பேக்கப் ஃபைல்கள் இருக்கும் டிஸ்கைத் தவிர எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள். கையில் ஒரு பேப்பர் மட்டும் இருக்கலாம், பக்கத்தில் கடிகாரம். எங்கே முட்டி நின்றீர்களோ அதைப் பேப்பரில் எழுதுங்கள். இரண்டாவது முறை ஹோஸ்ட் கடிகாரத்தைப் பத்து நிமிடம் தள்ளி வைத்துவிட்டு ஆரம்பியுங்கள். மூன்றாவது முறை அந்தப் பேப்பரை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். மூன்றிலும் இதுதான் கஷ்டம்.

ஆபீஸுக்கான பேப்பரும் அதே மாதிரிதான். கரண்ட், ஸ்விட்ச், ஸ்டோரேஜ், நேரம், டிஎன்எஸ், டொமைன், பேக்கப் என்று எழுப்பும் வரிசை. லோக்கல் அட்மின், என்க்ரிப்ஷன், டைரக்டரி மீட்பு முறைக்கான பாஸ்வேர்டுகள் ஒட்டிய கவரில், பூட்டிய பீரோவில். விக்கியில் வைக்காதீர்கள்.

அடுத்தவன் விபத்தைக் கதையாகப் படிப்பது

காசில்லாமல் கிடைக்கும் பாடங்களில் சிறந்தவை, பெரிய கம்பெனிகள் தங்கள் சேவை விழுந்த பிறகு வெளியிடும் அறிக்கைகள். டீக்கடையில் விபத்துச் செய்தி படிப்பதுபோல் "அடப்பாவமே" என்று படித்துவிட்டுப் போய்விடுகிறோம்.

2017 ஜனவரி 31 அன்று, நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்லேப் சேவையில் ஒரு பொறியாளர் இரண்டாம் நிலை டேட்டாபேஸ் என்று நினைத்து முதன்மை டேட்டாபேஸின் ஃபோல்டரை அழித்தார். எல்லோருக்கும் நினைவிருப்பது இந்த வரிதான். எனக்குப் பிடித்தது அடுத்த பக்கம். அவர்களிடம் தினமும் டேட்டாபேஸ் டம்ப் (முழு நகல்) எடுக்கும் ஏற்பாடு இருந்தது. ஆனால் ஓடியது போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் 9.2 வெர்ஷன் டம்ப் கருவி, டேட்டாபேஸோ 9.6. அதனால் தினமும் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைச் சொல்லும் மெயில்கள் டிமார்க் என்ற மெயில் அனுப்புநர் சோதனையில் தள்ளுபடியாகி யார் கைக்கும் போய்ச் சேரவில்லை. கடைசியில் காப்பாற்றியது வேறொரு வேலைக்காகச் சுமார் ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட். அதையும் மெதுவான டிஸ்கிலிருந்து நகலெடுக்கப் பதினெட்டு மணி நேரம் ஆனது.

இதைப் பாதியில் நிறுத்தி, லேப்பில் செய்து பாருங்கள். புது வெர்ஷன் டேட்டாபேஸ்மேல் பழைய டம்ப் கருவியை ஓட்டுங்கள். ஜாப் சிவப்பாகிறதா? மெயில் வருகிறதா? இன்பாக்ஸுக்கு வருகிறதா, ஸ்பேமுக்கா? மறுநாள் ஆபீஸ் ஜாப் ஒன்றைத் தோற்கவைத்து அதே கேள்விகளைக் கேளுங்கள். எங்கள் இடத்தில் அந்த மெயில் ஏற்கெனவே வேலையை விட்டுப்போன ஒருவருக்குப் போய்க்கொண்டிருந்தது.

2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் உலகம் முழுக்கச் சுமார் ஆறு மணி நேரம் விழுந்ததே, அந்த அறிக்கையையும் படியுங்கள். பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை முதுகெலும்பு நெட்வொர்க்கைத் துண்டித்தது. அப்படிப்பட்ட கட்டளையைத் தடுக்க வேண்டிய தணிக்கைக் கருவியில் பிழை. டிஎன்எஸ் போனதால், கோளாறைச் சரிசெய்யும் உள் கருவிகளில் பலவும் சேர்ந்து போயின. கடைசியில் டேட்டா சென்டருக்கு ஆளை நேரில் அனுப்ப வேண்டியதாயிற்று. படித்தபோது எனக்கு அந்தச் சனிக்கிழமை இரவு ஞாபகம் வந்தது. அளவுதான் வேறு, சாவியைப் பூட்டிய அறைக்குள்ளேயே வைத்த கதை ஒன்றுதான்.

தேதி குறிக்காமல் விடுவது

"நேரம் கிடைக்கும்போது செய்யலாம்" என்றால் கிடைக்காது. தம்பியிடம் அந்த முப்பத்தேழு கோர்ஸையும் மூடிவைக்கச் சொல்லி, காலண்டரில் ஒரு சனிக்கிழமையைக் குறித்துக் கொடுத்தேன்.

போன சனிக்கிழமை காலை பத்து மணிக்கு விஎம்களையெல்லாம் அழித்துவிட்டு ஆரம்பித்திருக்கிறார். பேப்பர் பக்காவாக எழுதி வைத்திருந்தார்: வரிசை, பாஸ்வேர்டு, ஐபி எல்லாம். பத்தே முக்காலுக்கு மெசேஜ் வந்தது.

"அண்ணா, பேக்கப் சாஃப்ட்வேர் இன்ஸ்டாலரோட ஐஎஸ்ஓவும் நான் அழிச்ச டிஸ்க்லதான் இருந்துச்சு."