ஒலி பிறக்கும் இடமும் உருப்பெறும் இடமும்: பேச்சொலியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேச்சு தொண்டையில் உருவாகிறது என்று உச்சரிப்பு சொல்லிக்கொடுப்பவர்கள்கூடச் சொல்கிறார்கள். பாதிதான் சரி. குரல்வளையிலிருந்து கிளம்புவது வண்டின் ரீங்காரம் போன்ற ஓர் ஓசை. அதில் ஆ-வும் இல்லை, ஈ-யும் இல்லை. அதற்கு மேலே இருக்கும் தொண்டைக்குழி, வாய், மூக்கறை மூன்றும்தான் அதை எழுத்தொலியாக்குகின்றன. ஓசை எழுப்புவது ஒரு வேலை, அதற்கு உருக்கொடுப்பது வேறு வேலை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதுதான் கீழே வரும் தவறுகள் பலவற்றுக்கும் வேர்.

சோதித்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும். ஒரே சுருதியில் நிறுத்தி ‘ஆ… ஈ… ஊ’ என்று இழுங்கள். சுருதி மாறவில்லை, உயிரொலி மாறுகிறது. பிறகு ‘ஆ’வை அப்படியே வைத்துக்கொண்டு சுருதியை மட்டும் ஏற்றி இறக்குங்கள். உயிரொலி மாறவில்லை. கடைசியாக மூன்றையும் கிசுகிசுத்துச் சொல்லுங்கள். கிசுகிசுக்கும்போது குரல்நாண்கள் அதிர்வதே இல்லை, ஆனாலும் எது ஆ, எது ஈ என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிகிறது.

‘நாண்’ என்ற சொல்லே ஒரு தவறான படத்தை மனத்தில் பதித்துவிடுகிறது. வீணைத் தந்திபோல இழுத்துக் கட்டிய கம்பிகள் எவையும் அங்கே இல்லை. இருப்பவை, குரல்வளையின் இரு பக்கச் சுவரிலிருந்தும் உள்நோக்கி நீளும் தசை மடிப்புகள். மடிப்புகள் நெருங்கி மூடும்போது நுரையீரல் காற்று கீழே தேங்கி அழுத்தம் ஏறுகிறது, மடிப்புகளைத் தள்ளித் திறக்கிறது. காற்று பீறிட்டதும் அவை தம் நெகிழ்திறனாலும், வேகமாக ஓடும் காற்றின் விளைவாலும் மறுபடி மூடுகின்றன. ஆண்களிடம் இது நொடிக்கு ஏறத்தாழ 100 முதல் 130 முறை, பெண்களிடம் 200 முறையை ஒட்டி நடக்கிறது. ஒவ்வொரு அதிர்வுக்கும் மூளை தனித்தனியாகக் கட்டளை அனுப்புகிறது என்று ஒரு காலத்தில் வாதிட்டவர்கள் உண்டு. அது தவறு. மூளை இழுவிசையையும் நெருக்கத்தையும் அமைத்துக் கொடுக்கிறது, மீதியைக் காற்று பார்த்துக்கொள்கிறது. அதனால்தான் குரல் ஏறாதபோது கழுத்தை இறுக்கிக் கத்துவது பயன் தருவதில்லை. மடிப்புகள் விறைத்துப்போய் ஒன்றோடொன்று மோதுவதுதான் மிச்சம்.

ஹீலியம் வாயுவை இழுத்தால் குரல் கீச்சென்று மாறுவது குரல்நாண் வேகமாக அதிர்வதால்தான் என்பது இன்னொரு பரவலான தவறு. அதிர்வெண் கிட்டத்தட்ட மாறுவதே இல்லை. மாறுவது வாய்க்குழாயின் ஒத்ததிர்வு, அதாவது குழாய் சில அதிர்வெண்களை மட்டும் எடுப்பாக ஒலிக்கச் செய்வது. வளர்ந்த ஆணுக்குக் குரல்வளையிலிருந்து உதடுவரை சுமார் 17 செ.மீ. ஒரு முனை மூடிய குழாயாக இதைக் கொண்டால், ஒலியின் வேகத்தை (நொடிக்கு 34,300 செ.மீ.) நீளத்தின் நான்கு மடங்கால் வகுக்க ஏறத்தாழ 500 ஹெர்ட்ஸ் வரும். அடுத்தவை அதன் மூன்று மடங்கு, ஐந்து மடங்கு: 1500, 2500. வாய்க்குழாயின் இந்த ஒத்ததிர்வுகளைத்தான் ஃபார்மன்ட்கள் என்கிறார்கள்; எது ஆ, எது ஈ என்று காட்டிக்கொடுப்பவை இவையே. ஹீலியத்தில் ஒலி ஏறத்தாழ மூன்று மடங்கு வேகமாகப் போவதால் இவை மேலே ஏறிவிடுகின்றன. (விளையாட்டுக்குக்கூட சிலிண்டரிலிருந்து நேராக இழுக்காதீர்கள். நுரையீரலில் ஆக்சிஜனின் இடத்தை ஹீலியம் பிடித்துக்கொள்ளும், உயிர் போகும்.) ஆணின் ஒலிப்பதிவில் சுருதியை மட்டும் உயர்த்தினால் அது குழந்தைக் குரலாகாததற்கும் இதே காரணம்தான். குழந்தையின் குழாயே குட்டை.

சளி பிடித்தவர் ‘மூக்கால் பேசுகிறார்’ என்பது வழக்கு. நடப்பது நேர்மாறு. மூக்கு அடைத்துக்கொண்டதால் மூக்கொலிக்கு வழியில்லாமல் ‘ம’ ப-வை ஒட்டியும் ‘ந’ த-வை ஒட்டியும் ஒலிக்கின்றன. உண்மையாகவே மூக்கால் பேசுவது, மென்அண்ணம் (மேல்வாயின் பின்பக்க மெதுவான பகுதி) மேலெழுந்து மூக்குவழியை மூடாதபோது நேர்வது. மூக்கைப் பிடித்துக்கொண்டு ‘அப்பா’ சொல்லுங்கள்: ஒலி மாறக்கூடாது. மாறினால் காற்று மூக்கில் கசிகிறது. ‘அம்மா’ சொல்லுங்கள்: மாறியே ஆக வேண்டும். இரண்டு நிலைக்கும் ஒரே பயிற்சியைக் கொடுப்பது வீண்.

தொண்டையில் விரல் வைத்து அதிர்வைப் பார்க்கும்போது ‘ப’ என்று முழு எழுத்தாகச் சொல்லிப் பார்க்கிறார்கள். அதில் ஒட்டியுள்ள அகரம் எப்படியும் அதிரும், எனவே விடை எப்போதும் ‘அதிர்கிறது’ என்றே வரும். ‘தப்பு’, ‘தம்பி’ என்ற இரண்டையும் மெதுவாகச் சொல்லி, உதடு மூடியிருக்கும் அந்தக் கணத்தை மட்டும் கவனியுங்கள். தப்பில் அதிர்வு நின்றுவிடுகிறது. தம்பியில் நிற்பதில்லை. எழுத்து ஒன்று, ஒலி இரண்டு.

இனி ழகரம். ‘நாக்கை நன்றாக மடி’ என்ற அறிவுரைதான் இங்கே அதிகக் கெடுதல் செய்கிறது. மடித்த நாக்கு அண்ணத்தில் போய் ஒட்டினால் வருவது ளகரம். தொல்காப்பியத்தின் பிறப்பியல், றகர னகரங்களுக்கு நுனிநா அண்ணத்தை ‘ஒற்ற’ வேண்டும் என்றும், ரகர ழகரங்களுக்கு ‘வருட’ வேண்டும் என்றும் பிரித்துச் சொல்கிறது. ஒற்றுவது அழுந்தப் பொருந்துவது, வருடுவது தடவிப்போவது. நம் பேச்சில் ழகரத்துக்கு நுனி பெரும்பாலும் தொடாமலே நின்றுவிடுகிறது.

‘அ’வைத் தொடர்ந்து ஒலித்துக்கொண்டே நுனியை உயர்த்தி வன்அண்ணத்தை (மேல்வாயின் கடினமான முன்பகுதியை) நோக்கிப் பின்னுக்கு வளையுங்கள். தொடப்போகும் தறுவாயில் நிறுத்துங்கள். நாக்கின் ஓரங்கள் மேல் கடைவாய்ப் பற்களில் படியட்டும். குரலை இடையில் நிறுத்தாதீர்கள். நுனி கீழேயே தங்கி நடுநாக்கு எழுந்தால் அது யகரமாகிவிடும். ‘பழம்’ ‘பயம்’ ஆவது இப்படித்தான்.

சரியாக வந்ததா என்று காதை மட்டும் நம்ப வேண்டாம். ‘ள்’ நிலையில் நாக்கை அசைக்காமல் வைத்து வாயால் மூச்சை உள்ளே இழுங்கள்: குளிர்ச்சி நாக்கின் பக்கவாட்டில் தெரியும். ‘ழ்’ நிலையில் இழுத்தால் நடுவில், நுனிக்கும் அண்ணத்துக்கும் இடையே தெரிய வேண்டும். பக்கத்தில் தெரிந்தால் நுனி ஒட்டியிருக்கிறது. ஒரு நூலளவு இறக்கி மறுபடி இழுத்துப் பாருங்கள்.