இருட்டுக்கும் தேதி உண்டு

பல நூற்றாண்டுகளில் நடக்கும் மாந்திரீகத் திகில் நாவல் எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே எலும்புக்கூட்டோடு வருகிறார்கள். இங்கிலாந்தில் ஒரு பழைய மாளிகை. 1645இல் அங்கே ஒரு பெண்ணைச் சூனியக்காரி என்று கொல்கிறார்கள். 1895இல் அதே கூடத்தில் ஆவியை அழைக்கிறார்கள். இன்று ஒருத்தி அந்த வீட்டை விலைக்கு வாங்குகிறாள். அமைப்பில் குறை இல்லை, எனக்கும் பிடித்ததுதான். ஆனால் மூன்று காலத்துக்கும் ஒரே இருட்டு, ஒரே மந்திரம், ஒரே மெழுகுவத்தி என்று 'அந்தக் காலம்' முழுவதையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறார்கள். கதை அங்கேதான் செத்துப்போகிறது.

முதல் சறுக்கல் அந்தப் பெண்ணின் சாவிலேயே. கம்பத்தில் கட்டி எரித்ததாகத்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். இங்கிலாந்தில் சூனியத்துக்குத் தண்டனை தூக்கு. எரித்தது ஸ்காட்லாந்தும் ஐரோப்பாவின் வேறு பல பகுதிகளும். ஸ்காட்லாந்திலும் பெரும்பாலும் கழுத்தை நெரித்த பிறகே தீ வைத்தார்கள். அமெரிக்காவின் சேலத்தில் 1692இல் 19 பேரைத் தூக்கில்தான் போட்டார்கள். தீதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்குச் சட்டத்தில் ஒரு வாசல் உண்டு. கணவனைக் கொன்ற மனைவியை எரிக்கும் தண்டனை இங்கிலாந்தில் 1790 வரை இருந்தது. 1645இல் இப்ஸ்விச்சில் ஒரு பெண் சூனியத்தால் கணவனைக் கொன்றாள் என்று எரிக்கப்பட்டிருக்கிறாள். அப்படியானால் உங்கள் கதையில் கணவன் எப்படிச் செத்தான்? பிழை திருத்தப் போன இடத்தில் ஒரு கொலை வழக்கே கிடைக்கிறது.

அடுத்தது சாமான்கள். 1645இல் கிழவி டாரோ சீட்டை விரித்துக் குறி சொல்கிறாள். அது 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் பொழுதுபோக்குக்காகப் பிறந்த சீட்டுக்கட்டு. அதற்குள் எகிப்திய ரகசியம் ஒளிந்திருப்பதாக பிரான்சில் ஒருவர் எழுதியது 1781இல். ஆவியிடம் கேள்வி கேட்க எழுத்துகள் பதித்த ஊயிஜா பலகையோ அமெரிக்காவில் 1891இல் காப்புரிமை வாங்கிக் கடையில் விற்ற சரக்கு. தலைகீழ் நட்சத்திரத்தைத் தீமையின் சின்னமாக்கியவர் 19ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு மாந்திரீக எழுத்தாளர் எலிபாஸ் லெவி. 1895இன் கூடத்தில் இவை எல்லாம் இருக்கலாம். 1645இன் அடுப்படியில் மாந்திரீகச் சாமானாக இவற்றில் ஒன்றுகூட இருக்க முடியாது.

அந்த அடுப்படியில் இருந்தது வேறு. அடுப்புத் தரைக்கடியிலும் வாசற்படிக்கடியிலும் ஜாடி புதைப்பார்கள். 2004இல் கிரீனிச்சில் 17ஆம் நூற்றாண்டு ஜாடி ஒன்று அடைப்புக் கழலாமல் கிடைத்தது. உள்ளே சிறுநீர், வளைந்த குண்டூசிகள், ஆணிகள், தலைமுடி, நகத்துண்டுகள், இதய வடிவில் வெட்டிய தோல். நம் ஊரில் இப்படி ஒன்று மண்ணுக்குள் அகப்பட்டால் உடனே என்ன சொல்வோம்? யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்போம். தமிழில் எழுதுகிறவர் வழுக்கி விழும் இடம் இதுதான். அங்கே புதைத்தது செய்வினை அல்ல, அதை முறிக்க வீட்டுக்காரர்களே செய்த பரிகாரம். சூனியம் செய்தவளின் சிறுநீர்ப்பையில் ஊசி குத்துவதுபோல வலி எடுக்கும், அவளே ஓடி வருவாள் என்று நம்பினார்கள். ஆகவே இன்றைய கதாநாயகி அதைத் தோண்டி எடுத்து, கெட்டது தொலைந்தது என்று குப்பையில் எறிகிறாள் என்றால், அவள் வீட்டின் காவலையே எடுத்து எறிகிறாள். இதைவிட நல்ல இடைவேளை எனக்குத் தெரியாது. 'பில்லி சூனியம்' என்ற சொல்லை யோசிக்காமல் போட்டால் இந்தத் திருப்பம் கண்ணிலேயே படாது.

தேதியையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பழைய நாட்காட்டியை விட்டுப் புதியதற்கு மாறியதால், 1752 செப்டம்பர் 2க்கு மறுநாள் இங்கிலாந்தில் செப்டம்பர் 14. இடைப்பட்ட 11 தேதிகளில் அந்த நாட்டில் யாரும் பிறக்கவில்லை, சாகவில்லை, கொலையும் செய்யவில்லை. ஆண்டுதோறும் ஒரே தேதியில் வரும் பேய் அதற்குப் பிறகு எந்த நாட்காட்டியைப் பார்த்து வருகிறது என்று நீங்கள்தான் முடிவுசெய்ய வேண்டும். வெளிச்சமும் அப்படித்தான். 1645இல் கொழுப்பில் தோய்த்த நாணல் தண்டு எரியும். கைக்கெட்டும் தூரத்துக்கு அப்பால் எதுவும் தெரியாது. 1895இல் கேஸ் விளக்கு உண்டு. அங்கே இருட்டு தானாக வராது, ஆவி அழைக்கும் மீடியம் கேட்டு விளக்கைக் குறைத்து வாங்கும் இருட்டு அது.

பெரிய தவறு, ஒரே பிசாசை முந்நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் காத்திருக்க வைத்து, கடைசி அத்தியாயத்தில் மறுபிறவி என்று சொல்லி மூடுவது. காலங்களை இணைக்கப் பிசாசைவிடப் பொல்லாத ஒன்று இருக்கிறது: சட்டம். 1735இல் பிரிட்டன் பழைய சூனியச் சட்டங்களை நீக்கிப் புதிய சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. அதன் பிறகு குற்றம் சூனியம் செய்வது அல்ல. சூனிய சக்தி இருப்பதாகப் பாசாங்கு செய்வது. அந்தச் சட்டத்தின் கீழ்தான் 1944இல், உலகப் போரின் நடுவே, ஹெலன் டங்கன் என்ற மீடியத்துக்கு ஒன்பது மாதச் சிறை கிடைத்தது. அது நீக்கப்பட்டதே 1951இல்தான். உங்கள் நாவலில் இதைப் பொருத்திப் பாருங்கள். 1645இல் ஒருத்தி "என்னிடம் எந்தச் சக்தியும் இல்லை" என்று கதறுகிறாள், நீதிமன்றம் நம்பவில்லை. 1895இல் அவள் வம்சத்துப் பேத்தி அதே கூடத்தில் விளக்கைக் குறைக்கச் சொல்லிவிட்டு, "என்னிடம் சக்தி இருக்கிறது" என்கிறாள். மேசையைச் சுற்றி அமர்ந்திருப்பவர்களில் ஒருவர் போலீஸ்காரர்.