ஏற்காட்டு மூடுபனி படத்தில் அழுக்காகத் தெரிகிறதா?

ஏற்காட்டின் காட்சிமுனையான லேடீஸ் சீட்டில் அதிகாலையில் நின்று எடுத்த வெள்ளை மூடுபனி படத்தில் சாம்பலாக வருகிறதா? கேமராவில் கோளாறு இல்லை. எதைக் காட்டினாலும் வெளிச்சத்தை அளக்கும் அதன் ஒளிமானி அதை ஏறக்குறைய 18 சதவீதச் சாம்பல், அதாவது நடுத்தரச் சாம்பல் என்றே எடுத்துக்கொள்ளும். வெள்ளையைக் கண்டால் வெளிச்சத்தைக் குறைத்துவிடும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +1 வைத்து எடுங்கள். திரையை நம்பாமல் ஹிஸ்டோகிராமை, அதாவது இடப்பக்கம் இருட்டும் வலப்பக்கம் வெளிச்சமும் காட்டும் வரைபடத்தைப் பாருங்கள்: அதிலுள்ள மேடு வலப்பக்கம் நகர வேண்டும், ஓரத்தில் முட்டக் கூடாது. முட்டினால் +0.7க்கு இறக்குங்கள். கல்யாண ஆர்டரில் வெள்ளை வேட்டி சட்டைக்கும் இதே கணக்குதான்.

பனியில் ஆட்டோஃபோகஸ் தடுமாறும். காபித் தோட்டத்து சில்வர் ஓக் மரத்தின் விளிம்பில் ஃபோகஸ் வையுங்கள். அப்புறம், ஏசி காரிலிருந்து இறங்கியதும் லென்ஸில் ஆவி படிந்தால் துடைத்துக்கொண்டே இருக்காதீர்கள். ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள், தானே போய்விடும்.