புதிய விட்டில் இனத்தை முறைப்படி விவரிப்பது எப்படி? தொடக்க நிலையினருக்கான செய்முறை விளக்கம்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நவம்பர் முதல் மார்ச் வரையிலான மழைக்காலத்தில், வாசல் விளக்கைச் சுற்றிவிட்டுச் சுவரில் ஒட்டிக்கொள்ளும் விட்டில் பூச்சிகளைக் காணாத வீடு இராது. அவற்றுள் ஒன்று எந்தப் படத்தோடும் பொருந்தவில்லை என்றால் அடுத்து என்ன செய்வது என்று சாட்ஸ்வொர்த் பகுதியின் இளைஞர்கள் சிலர் என்னிடம் கேட்டார்கள். இந்த விளக்கம் அவர்களுக்காக எழுதப்பட்டது. பூச்சியைக் கண்டெடுப்பது வேறு, அதை விவரிப்பது வேறு. மற்ற இனங்களிலிருந்து இது எந்தப் பண்புகளில் மாறுபடுகிறது என்று எழுத்தில் சொல்லி வெளியிட்ட பிறகே புதிய இனத்தின் பெயர் செல்லுபடியாகும்.

முதற்படி: சேகரித்தல்

சில்வர்கிளென் போன்ற காப்பகங்களில் சேகரிப்பதற்கு முன், காப்பகத்தை நிர்வகிப்போரின் சம்மதத்தையும் தேவையான அனுமதிச் சீட்டையும் பெற்றுவிடுங்கள். அனுமதியின்றிப் பிடித்த மாதிரியை நல்ல ஆய்விதழ்கள் ஏற்பதில்லை. நிலவில்லாத, காற்றடங்கிய, புழுக்கமான இரவில் வெள்ளைத் துணியொன்றைக் கட்டி, அதன் முன் புற ஊதாக் கதிர் விளக்கை ஏற்றினால் போதும். விளக்குக்கு வருபவற்றில் பெரும்பாலும் ஆண்களே மிகுதி. ஆகவே ஒரே இரவோடு நிறுத்தாமல், ஆணும் பெண்ணுமாகச் சில மாதிரிகள் கிடைக்கும்வரை பல இரவுகள் காத்திருங்கள். ஒரே ஒரு மாதிரியை வைத்துப் புதிய இனம் என்று அறிவிக்க, விலங்குகளுக்குப் பெயரிடும் பன்னாட்டு விதிகள் இடம் தருகின்றன என்றாலும், அது ஓர் இனத்திற்குள் வரும் இயல்பான வேறுபாடாகவே இருந்துவிடலாம் என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

இரண்டாம் படி: ஊசியும் சீட்டும்

இறந்த பூச்சி விறைப்பதற்கு முன், துருப்பிடிக்காத பூச்சியியல் ஊசியை மார்புப் பகுதியின் நடுவில் செங்குத்தாகச் செலுத்தி, நடுவே பள்ளமுள்ள மென்பலகையில் பொருத்துங்கள். முன்சிறகின் தடித்த நரம்புக்குப் பின்னால் மெல்லிய ஊசியின் நுனியை வைத்து, சிறகின் பின்விளிம்பு உடலுக்குச் செங்கோணமாக வரும்வரை மெதுவாக முன்னே தள்ளி, அதன் மேல் வழவழப்பான காகிதப் பட்டையை அழுத்திக் குத்த வேண்டும். விரல் பட்டால் செதில்கள் பொடியாக உதிர்ந்து, விவரிக்க வேண்டிய கோலமே அழிந்துவிடும்.

காய்ந்ததும் சீட்டு: இடம், அட்சரேகை, தீர்க்கரேகை, கடல் மட்டத்திலிருந்து உயரம், நாள், சேகரித்தவர் பெயர். மாதத்தை ரோம எண்ணில் எழுதுவது வழக்கம். 3.4 என்று எழுதினால் அது மார்ச்சா ஏப்ரலா என்ற ஐயம் எழும். என்னிடம் அழகாக விரிந்த சாம்பல் நிற விட்டில் ஒன்று இருக்கிறது. அதை எங்கே பிடித்தேன் என்று அன்றே எழுதி வைக்காததால், இன்றுவரை அது எந்த ஆய்வுக்கும் உதவாமல் பெட்டியில் கிடக்கிறது.

மூன்றாம் படி: இது உண்மையிலேயே புதியதா?

உலகில் பெயரிடப்பட்ட வண்ணத்துப்பூச்சி, விட்டில் இனங்கள் ஏறத்தாழ 1,60,000. அவற்றில் மிகப் பெரும்பாலானவை விட்டில்களே. ஆகவே, நமக்குப் புதிதாகத் தெரிவது பெரும்பாலும் அறிவியலுக்குப் பழையதாகவே இருக்கும். முதலில் குடும்பத்தையும் பிறகு பேரினத்தையும் கண்டுகொண்டு, ஆப்பிரிக்க விட்டில்களுக்கான ‘ஆஃப்ரோமாத்ஸ்’ இணையத் தரவுத்தளத்தில் அப்பேரினத்தின் இனங்கள் அனைத்தையும் பட்டியலிடுங்கள். பின்னர் பிரிட்டோரியாவில் உள்ள டிட்சாங் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் போன்ற இடங்களின் சேகரிப்போடு ஒப்பிட வேண்டும். படத்தை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள்.

நான்காம் படி: உள்ளுறுப்பு ஆய்வு

தொடக்க நிலையினர் அஞ்சும் படி இதுதான். ஆனால் முழு வேலையின் உயிர்நாடியும் இதுவே. சிறகுக் கோலம் ஒன்றுபோலிருக்கும் இரு இனங்களை, பல குழுக்களில் இனப்பெருக்க உறுப்புகளின் அமைப்பே பிரித்துக் காட்டுகிறது.

வயிற்றுப் பகுதியை மட்டும் கவனமாக உடைத்தெடுத்து, 10 விழுக்காடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஓர் இரவு ஊறவிடுங்கள். இது தோலைச் சுடும் காரம் என்பதால் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். காலையில் தசையும் கொழுப்பும் கரைந்து, தேன் நிறத்தில் கைட்டின் என்ற கடினப் பொருளாலான கூடு மட்டும் எஞ்சியிருக்கும். அதை நீருள்ள சிறு கிண்ணத்திற்கு மாற்றி, நுண்ணோக்கியின் கீழ் மெல்லிய தூரிகையால் செதில்களைத் துடைத்து நீக்கினால், ஆண் பூச்சியில் இணையும்போது பெண்ணைப் பற்றிக்கொள்ளும் இரு மடல்கள் பிரிந்து தெரியும். அம்மடல்களின் நுனி கூரா மழுங்கலா, ஓரத்தில் முள் உண்டா, எத்தனை என்பதையெல்லாம் வரைந்துகொள்ளுங்கள். புகைப்படம் எடுத்தாலும் கையால் வரையுங்கள், ஏனெனில் வரையும்போதுதான் கண் உண்மையாகப் பார்க்கிறது. உறுப்பைக் கண்ணாடித் தகட்டில் பதித்து, அதன் எண்ணைப் பூச்சியின் ஊசியிலும் சேர்த்துவிடுங்கள்.

காலொன்றை ஆல்கஹாலில் பாதுகாத்தால், ஆய்வகத்தில், இனங்களை அடையாளம் காண உதவும் சி.ஓ.ஐ. மரபணுவின் 658 எழுத்து நீளமுள்ள பகுதியைப் படித்து ஒப்பிடலாம். இது துணைச் சான்று. உடலமைப்பு ஆய்வுக்கு மாற்றாகாது.

ஐந்தாம் படி: எழுதுதல்

‘இது மிக அழகான பழுப்பு விட்டில்’ என்று எழுதினால் அது விவரணை ஆகாது. ‘இன்ன இனத்தில் மடலின் நுனி மழுங்கியிருக்க, இதில் கூர்மையாக வளைந்து மூன்று முட்களைக் கொண்டுள்ளது’ என்பது போன்ற வாக்கியமே வேண்டும். ஒப்பீட்டின் வலிமைக்கு மடகாஸ்கரின் ஒரு பருந்து விட்டில் சான்று. ஏறத்தாழ 30 செ.மீ. நீளமுள்ள தேன்குழாய் கொண்ட ஆர்க்கிட் மலரைப் பார்த்து, அதற்கேற்ற நாக்குடைய விட்டில் இருக்க வேண்டும் என்று டார்வின் 1862இல் எழுதினார். 1903இல் அத்தகைய விட்டில் ‘பிரடிக்டா’ என்ற துணையினமாகப் பெயரிடப்பட்டது. ஆப்பிரிக்க நிலப்பரப்பில் வாழும் அதன் உறவினத்தோடு உடலமைப்பையும் டி.என்.ஏ.வையும் ஒப்பிட்ட பிறகே, 2021இல் அது தனி இனமாக உயர்த்தப்பட்டது.

ஆறாம் படி: பெயரும் வெளியீடும்

பெயர் லத்தீன் எழுத்துகளில் அமைய வேண்டும், அதே பேரினத்தில் வேறு இனத்துக்குச் சூட்டப்பட்டிருக்கக் கூடாது. இடப்பெயரானால் ‘-என்சிஸ்’ என்ற ஈறு வழக்கம். பெண்ணின் பெயரானால் ‘ஏ’, ‘இ’ (ae) என்ற இரண்டு எழுத்துகளும், ஆணின் பெயரானால் ‘ஐ’ (i) என்ற ஓர் எழுத்தும் இறுதியில் சேரும். இந்த நாட்டில் பிறந்து, 1914இல் பதினாறு வயதில் சத்தியாகிரகத்திற்காக உயிர் நீத்த தில்லையாடி வள்ளியம்மையின் பெயரை ஒரு விட்டில் தாங்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. தம் பெயரையே சூட்டிக்கொள்வது மரபன்று.

1999ஆம் ஆண்டுக்குப் பின் வெளியாகும் விவரணை எதுவானாலும், ‘புதிய இனம்’ என்று வெளிப்படையாக அறிவித்து, அப்பெயருக்கு நிலையான ஆதாரமாகும் மூலவகை மாதிரியைக் குறித்து, அது எந்தச் சேகரிப்பில் வைக்கப்படும் என்பதையும் சொல்ல வேண்டும். இணையத்தில் மட்டும் வெளியாகும் கட்டுரையானால், அதை விலங்குப் பெயர்களுக்கான ‘ஜூபேங்க்’ பதிவேட்டில் முன்னரே பதிந்து, அதற்கான சான்றைக் கட்டுரைக்குள்ளேயே காட்ட வேண்டும். மூலவகை மாதிரியை வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். அதன் ஊசியில் சிவப்புச் சீட்டைக் கோத்து, காலும் உணர்கொம்பும் அசையாதபடி இருபுறமும் தாங்கு ஊசிகள் குத்திப் பெட்டியில் அடைத்து, அஞ்சலில் அனுப்பாமல் நீங்களே அருங்காட்சியகத்திற்குக் கொண்டு சென்று, பொறுப்பாளரின் கையில் ஒப்படைத்து, அருங்காட்சியகம் அதற்குத் தரும் சேர்ப்பெண்ணைக் குறித்துக்கொண்டு வாருங்கள். கட்டுரையின் இறுதி வடிவில் அந்த எண் இடம்பெற வேண்டும்.