மலை இறங்கினால் ரகசியமா? பாலியல் நலத்தில் ஆண்கள் செய்யும் சில தவறுகள்

சென்ற மாதம் ஆலோசனைக்கு வந்த ஓர் இளைஞர் என் எதிரில் உட்கார்ந்து, கம்பளித் தொப்பியைக் கழற்றிக் கையில் பிசைந்துகொண்டே இருந்தார். பச்சைத் தேயிலைக்குக் கிலோவுக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று தொடங்கினார். காட்டெருமை வேலியை உடைத்த கதைக்குப் போனார். எழுந்து கதவருகே போன பிறகுதான் வாய் திறந்தது: “மேட்டுப்பாளையத்தில் ஒருவரிடம் மருந்து வாங்கினேன் அண்ணா. எட்டாயிரம் ஆகிவிட்டது.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இருபது ஆண்டுகளுக்கு முன் அதே ஊரில் அதே மாதிரி மாடிப்படி ஏறிய ஒரு முட்டாளை எனக்கு நன்றாகத் தெரியும். அந்த முட்டாள் நான்தான்.

ஆணுறை, புகை, மது பற்றியெல்லாம் மருத்துவமனைச் சுவரிலேயே எழுதியிருக்கிறது. நான் அதற்குள் போகவில்லை. அந்தரங்கச் சிக்கலுக்கு உதவி தேடும்போது நாம் செய்யும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

“நண்பனுக்காகக் கேட்கிறேன்”

நண்பனுக்குச் சர்க்கரை உண்டா, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்டால் விழிப்பீர்கள். நீங்களே வாருங்கள்.

முதுகுவலி என்று சொல்வது

வெளிநோயாளிகள் வரிசையில் இரண்டு மணி நேரம் நின்று, மருத்துவர் முகத்தைப் பார்த்ததும் “முதுகுவலி, உடம்பு அசதி” என்று சொல்லிவிட்டு, வலி மாத்திரையோடு வீடு திரும்புகிறவர்கள் ஏராளம். சீட்டுப் போடும் இடத்தில் காரணம் சொல்லத் தேவையில்லை. பொது மருத்துவம் என்றால் போதும். உள்ளே போனதும், “தாம்பத்தியத்தில் ஒரு சிரமம், தனியாகப் பேச வேண்டும்” என்று சொல்லுங்கள். கூடவே நிற்கும் பயிற்சி மாணவர்களை வெளியே அனுப்பச் சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு.

தூரமாகப் போனால் ரகசியம் என்று நினைப்பது

இதைத்தான் என்னால் இன்றும் பொறுக்க முடியவில்லை.

2003-இல் எனக்கு வயது 34. குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். விறைப்பு சரியாக வரவில்லை, வந்தாலும் நிற்கவில்லை. மலையில் யாரிடம் கேட்பது? சீட்டு எழுதுகிறவர் மாமன் மகன், மருந்துக் கடைக்காரர் பள்ளித் தோழர், செவிலியர் அம்மாவோடு கோயிலுக்குப் போகிறவர். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி மேட்டுப்பாளையம் போய்விட்டால் என்னை யாருக்கும் தெரியாது என்று கணக்குப் போட்டேன்.

பஸ் நிலையத்துக்கு அருகில் ஒரு லாட்ஜ். மாதத்தில் இரண்டு நாள் மட்டும் வருகிற ‘டாக்டர்’. கதவில் அறை எண் இருந்தது, பெயரும் இல்லை, பதிவு எண்ணும் இல்லை. என் சிறுநீரைச் சோதனைக் குழாயில் பிடித்து ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். மேற்பக்கம் பால் போலக் கலங்கியது. “பார்த்தீர்களா, தாது கரைந்து போகிறது” என்றார். விந்தைத்தான் அப்படிச் சொன்னார். எனக்குக் கால் நடுங்கிவிட்டது. பின்னாளில் ஆய்வகத்தில் வேலை செய்த நண்பர் ஒருவர் அதே வித்தையை எனக்குச் செய்து காட்டினார். சிறுநீரில் பாஸ்பேட் உப்பு உண்டு. சூடாக்கினால் அது பிரிந்து கலங்கும். அசிட்டிக் அமிலம் இரண்டு சொட்டு விட்டால் தெளிந்துவிடும். லாட்ஜ்காரர் அந்த இரண்டு சொட்டை மட்டும் விடவில்லை.

நாற்பது நாளுக்கு லேகியமும் பொடியும். முதல் நாள் வேலை செய்தது! கூடவே முகம் சிவந்தது, மூக்கடைத்தது, தலை வலித்தது. இவை விறைப்புக்குக் கொடுக்கும் சில்டெனாபில் (வயாகரா) மாத்திரைக்கு வரும் பக்க விளைவுகள் என்பது அன்று எனக்குத் தெரியாது. அதை அரைத்து லேகியத்தில் கலந்திருப்பார் என்றுதான் இப்போது நினைக்கிறேன். நெஞ்சுவலிக்காக நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை, நம் ஊரில் சார்பிட்ரேட் என்று சொல்வது, அதைச் சாப்பிடுகிறவர் சில்டெனாபிலும் சேர்த்துச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் சட்டென்று சரிந்து உயிரே போகலாம். முறையான மருத்துவர் முதலில் கேட்கும் கேள்வி அது. அந்த அறையில் யாரும் என்னைக் கேட்கவில்லை.

இனி ரகசியத்துக்கு வருகிறேன். இரண்டாவது தவணை வி.பி.பி. பார்சலாக வந்தது. எங்கள் ஊர்க் கிளை அஞ்சலகம் என்பது சித்தப்பா வீட்டுத் திண்ணை. பணம் கட்டி வாங்க ஐந்து பேர் முன்னால் நின்றேன். அனுப்புநர் முகவரியில் ‘ஆண்மை’ என்ற சொல் கொட்டை எழுத்தில் சிவப்பாக அச்சாகியிருந்தது. சித்தப்பா ரசீதில் கையெழுத்து வாங்கும்போது தலை நிமிரவே இல்லை. அதற்கு அவர் இரண்டு வார்த்தை திட்டியிருக்கலாம்.

போனது பதினோராயிரம் ரூபாய், அன்றைக்கு என் மூன்று மாதச் சம்பளம். பணத்தைவிட, வீணாய்ப்போன இரண்டு ஆண்டுகள்தான் பெரிது. கவாத்துக் கத்தி பட்ட காலில் புண் ஆறாமல் மருத்துவமனைக்குப் போனபோது சர்க்கரை 312. ஆணுறுப்புக்குப் போகும் ரத்தக் குழாய்கள் இதயத்தின் குழாய்களைவிட மெல்லியவை. அடைப்பும் சேதமும் முதலில் அங்கேதான் தெரியும். விறைப்புக் குறைவு பல பேருக்குச் சர்க்கரையின், இதய நோயின் முன்னறிவிப்பு. அந்த அறிவிப்பை நான் லேகியம் தடவி மூடி வைத்திருந்தேன்.

தாது போகிறது, கனவில் விந்து வெளியேறினால் நரம்பு தளரும் என்பதெல்லாம் பயத்தை விற்கும் வியாபாரம். ஆண்மையைப் பெருக்குவதாக விளம்பரம் செய்வதையே 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. நான் சித்த மருத்துவத்தைக் குறை சொல்லவில்லை; பி.எஸ்.எம்.எஸ். என்ற சித்த மருத்துவப் பட்டம் படித்தவர்கள் அரசு மருத்துவமனைகளிலேயே இருக்கிறார்கள், அவர்களிடம் போங்கள்.

தெரியாத முகம்தான் வேண்டும் என்றால் அதற்கும் வழி உண்டு. உதகையில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. அங்கே உங்கள் ஹட்டியின் (மலைக் கிராமத்தின்) பெயரைக்கூட யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். வீட்டை விட்டே நகர முடியாதவர்கள் அரசின் மருத்துவ ஆலோசனை எண்ணான 104-ஐ அழைக்கலாம். அரசின் இணைய மருத்துவச் சேவையான இ-சஞ்சீவனியில் மருத்துவரோடு காணொளியில் பேசலாம். மனப் பதற்றம்தான் காரணம் என்று தோன்றினால் மனநல உதவி எண் 14416. எச்.ஐ.வி., பால்வினை நோய் பற்றிய சந்தேகங்களுக்கு 1097. எதற்கும் கட்டணமில்லை. அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், உங்கள் சம்மதம் இல்லாமல் முடிவை வெளியே சொல்வதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

வாட்ஸ்அப்பில் அந்தரங்கப் படம் அனுப்புவது

முகம் தெரியாத ‘ஆலோசகருக்கு’ அனுப்பினால் அடுத்து வருவது மிரட்டல்.

புண் தானாக ஆறிவிட்டது என்று திரும்பிவிடுவது

வலியில்லாத புண் ஒன்று சில வாரங்களில் தானாக மறைந்தால் மகிழாதீர்கள். சிபிலிஸ் அப்படித்தான் பதுங்கும். நோய் உள்ளேயே இருக்கும். தொடக்கத்தில் பிடித்தால் பென்சிலின் ஊசியில் தீரும். மனைவிக்கும் சிகிச்சை வேண்டும், அவரிடம் எப்படிச் சொல்வது என்பதைப் பேசத்தான் எங்களைப் போன்றவர்கள் உட்கார்ந்திருக்கிறோம். எச்.ஐ.வி. தொற்றியிருக்குமோ என்று பயந்தால் தள்ளிப்போடாதீர்கள். தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், பிறகு பயனில்லை.

விடியட்டும் என்று காத்திருப்பது

விரை திடீரென்று வலித்து வீங்கினால் அது முறுக்கிக்கொண்டிருக்கலாம். ஆறு மணி நேரம் கடந்தால் அதைக் காப்பாற்றுவது கடினம். மாத்திரை சாப்பிட்டு விறைப்பு நான்கு மணி நேரத்துக்கு மேல் அடங்காவிட்டாலும் இதே அவசரம்தான். கடைசி பஸ் போய்விட்டது, மூடுபனி, வழியில் யானை நிற்கும் என்று காரணம் தேடாமல் 108-ஐ அழையுங்கள். என்ன பிரச்சினை என்று கேட்டால் அடிவயிற்றில் வலி என்று சொல்லாதீர்கள். விரையில் வலி என்றே சொல்லுங்கள்.